செரிக்காமல் நின்ற பைகள்

திருவையாற்றிலிருந்து கும்பகோணம் வரை காவிரிக் கரையோரத்துச் சிவன் கோயில்களில் மஞ்சள் அரளி நிற்காத நந்தவனம் அரிது. பொன்னரளி என்றும் சொல்வார்கள். நீண்டு மெலிந்த இலை, ஒடித்தால் பால் வடியும் காம்பு, முழுதும் விரியாமல் கூம்பியே இருக்கும் பூ. விடிகாலையில் பூக்குடலையில் விழுந்து சன்னதிக்குப் போகும். அதே செடியின் விதை கொடிய நஞ்சு என்பதும் ஊருக்கெல்லாம் தெரியும்.

2013-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் பெத் லெவின் என்ற மருத்துவ அறிவியலாளரின் குழு, செல்கள் சாகும் புது வகை ஒன்றைக் கண்டு சொன்னது. அதைத் தடுக்கக்கூடியது எது என்று ஏறத்தாழ 5,000 வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். இதயத்துக்குக் கொடுக்கும் டிஜாக்சின் வகை மருந்துகள் முன்னால் வந்து நின்றன. பிராணவாயு குறைந்த எலிக்குட்டிகளின் மூளையைக் காப்பாற்ற அந்த வகையில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலித்தது. கொடுத்த பொருளின் பெயர் நெரிஃபோலின். நம் மஞ்சள் அரளி விதையில் இருக்கும் பொருள் அது.

இதைப் படித்த பிறகு அரளிச் செடியைப் பழைய கண்ணோடு என்னால் பார்க்க முடியவில்லை. அந்தச் சாவு எப்படிப்பட்டது, அரளிக்கும் அதற்கும் என்ன உறவு என்று தேடிப் போனால், போகப் போக நுணுக்கம் கூடிக்கொண்டே போகிறது. அவற்றில் சிலவற்றையாவது நின்று பார்க்க வேண்டும்.

செல் தன் உடம்பின் ஒரு பகுதியைத் தானே தின்று செரித்துக்கொள்வதை ஆட்டோஃபேஜி என்கிறார்கள், தமிழில் தன்னுண்ணல். 1963-ல் பெயர் வைத்தவர் பெல்ஜியத்து அறிஞர் கிறிஸ்டியன் த துவ். செல்லுக்குள் அமிலம் நிரம்பிய செரிமானப் பையான லைசோசோமைக் கண்டறிந்தவரும் அவரே.

அது நடக்கும் விதத்தைப் பாருங்கள். பட்டினியோ பழுதோ நேர்ந்ததும் செல்லுக்குள் சவ்வுப் பின்னலை ஒட்டி மெல்லிய தகடு ஒன்று முளைக்கிறது. ஓரங்களில் வளர்ந்து, நடுவில் குழிந்து, தொன்னையாகிறது. கோயில் பிரசாதத்துக்கு வாழைச்சருகில் மடிப்பார்களே, அதே வடிவம். ஆனால் இந்தத் தொன்னை அதோடு நிற்பதில்லை. விளிம்புகள் மேலும் மேலும் நெருங்கி, கடைசியில் வாய் மூடிக்கொள்கிறது. உள்ளே பழுதான மைட்டோகாண்ட்ரியாவோ உருக்குலைந்த புரதக் கட்டியோ சிக்கியிருக்கும். மூடிய பைக்கு உள்ளொன்றும் வெளியொன்றுமாக இரண்டு சவ்வு. அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சற்றுக் கூடக்குறைய. பிறகு பை லைசோசோமைத் தேடிப் போய் ஒட்டுகிறது. வெளிச்சவ்வு லைசோசோமின் சவ்வோடு இணைந்து வழி திறக்கிறது. உள்சவ்வோ சரக்கோடு சேர்ந்தே அமிலத்தில் கரைகிறது. பொட்டலம் கட்டிய தாளும் தீனியாகிவிடுகிறது. எதையும் மிச்சம் வைக்காத சிக்கனம்! கரைந்ததில் கிடைக்கும் அமினோ அமிலங்கள் மறுபடியும் செல்லுக்கே போய்ச் சேர்கின்றன.

இதன் மரபணுக்களைக் கண்டறிந்து 2016-ல் நோபல் பரிசு பெற்ற யோஷினோரி ஓசுமியின் உத்தி தனியாகச் சொல்ல வேண்டியது. அவர் எடுத்துக்கொண்டது ஈஸ்ட். செரிமான நொதிகள் இல்லாத ஈஸ்ட்டாகப் பார்த்து எடுத்துப் பட்டினி போட்டார். பைகள் ஈஸ்ட்டின் செரிமானப் பைக்குள் போயின. கரைக்க ஆள் இல்லாததால் கரையவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. சாதாரண நுண்ணோக்கியிலேயே அவை உள்ளே துள்ளிக்கொண்டிருப்பது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு வேகமாக நடக்கும் வேலையைக் கடைசிப் படியில் நிறுத்தி, தேங்கவைத்துப் பார்த்துவிட்டார். இந்தத் தேக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்டில் அறிஞருக்குக் கண் திறந்த அதே தேக்கம்தான் இதயத்தில் வேறு வேலை செய்யப்போகிறது.

ஓசுமியின் மரபணுக்கள் ஈஸ்ட்டோடு முடிவதில்லை. கொஞ்சம் உருமாறி மனிதனிடம் இருக்கின்றன, நெல்லிலும் இருக்கின்றன. டெல்டாக்காரர்கள் நாம் இவற்றின் பலனைத்தான் நாள்தோறும் இலையில் போட்டுச் சாப்பிடுகிறோம். சம்பாவில் கதிர் வெளிவந்தபின், காலை வெயில் ஏறியதும் உமி இரண்டும் மெல்ல விலகும். உள்ளிருந்து ஆறு மகரந்தப் பைகள் தலைநீட்டும். ஒரு மணி நேரம்போல விரிந்திருந்துவிட்டுப் பூ மூடிக்கொள்ளும், மறுபடி திறக்காது. அந்த நேரத்தில் வயலில் இறங்கிக் கதிரை உலுக்காதே, மருந்தடிக்காதே என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். மழை பிடித்துக்கொண்டால் “எல்லாம் கருக்காயாப் போயிடும்டா” என்று வானத்தைப் பார்ப்பார்கள்.

அந்த மகரந்தப் பையின் உட்சுவரை ஒற்றை அடுக்காகச் சுற்றி நிற்கும் செல்களுக்கு டபீட்டம் என்று பெயர். மகரந்தத் தூளுக்குத் தீனி போட்டு வளர்ப்பது அவற்றின் வேலை. பூ விரிவதற்கு முன்பே அவை தம்மைத் தாமே செரித்து, உள்ளிருக்கும் சத்தைத் தூளுக்குக் கொடுத்துவிட்டுக் கரைந்துபோகின்றன. 2014-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஏடிஜி7 என்ற ஒரே ஒரு தன்னுண்ணல் மரபணு கெட்ட நெல்லை வளர்த்துப் பார்த்தார்கள். பயிர் வளர்ந்தது. கதிரும் வந்தது. மகரந்தம் மட்டும் கொழுப்பும் மாவும் குறைந்து, முதிராமல் போயிற்று. மணி பிடிக்கவில்லை. டபீட்டம் உரிய நேரத்தில் தன்னைத் தின்றால்தான் களத்தில் நெல் குவியும். பால் பிடிக்கும் காலத்தில் கண்ணாடி இலை பழுப்பதிலும் இதே கைவேலைக்குப் பங்கு உண்டு. பசுங்கணிகத்துக்குள் இருந்த புரதம் துணுக்குத் துணுக்காகப் பொட்டலம் கட்டப்பட்டுச் செரிக்கப்படுகிறது, அந்த நைட்ரஜன் மணிக்குப் போகிறது.

நெல்லில் செல் சாவதற்கு நாள் குறித்திருக்கிறது, சாவால் பலனும் இருக்கிறது. இதயத்தசை செல்லுக்கு அப்படி நாள் குறிக்கப்படவில்லை. நாம் இருக்கும் வரை அது இருந்தாக வேண்டும். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐத் தடயமாகக் கொண்டு 2009-ல் சுவீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்: 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம் இதயத்தசை செல்கள்தான் புதிதாகின்றன, 75 வயதில் அதிலும் பாதிக்குக் கீழே. ஆக, பிறக்கும்போது வாங்கிவந்த செல்களில் பாதிக்குமேல் கடைசிவரை கூடவே வருகின்றன. நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் துடிப்பு. செல்லின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியா. இவ்வளவு உழைக்கும் இடத்தில் பழுது சேராமல் இருக்குமா? செல்லை மாற்ற முடியாது என்றால் செல்லுக்குள் இருப்பதையாவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் தன்னுண்ணல்.

இதயத்துக்கும் இதற்கும் உள்ள உறவு பிறந்த கணத்திலேயே தொடங்குகிறது. எலிக்குட்டி பிறந்ததும் நஞ்சுக்கொடி வழி வந்த உணவு நின்றுபோகிறது. தாய்ப்பால் இன்னும் போதுமான அளவு சேரவில்லை. அந்த இடைவெளியில் குட்டியின் உடம்பெங்கும் தன்னுண்ணல் சட்டென்று உயர்கிறது. இதயத்தில் அது தெளிவாகவே தெரிகிறது. ஓரிரு நாளில் அடங்கிவிடுகிறது. ஏடிஜி5 என்ற தன்னுண்ணல் மரபணு இல்லாத குட்டிகள் ஒரு நாளைத் தாண்டுவதில்லை. 2004-ல் ஜப்பானில் இது வெளியானது. இந்த முழுக் கதையிலும் நான் திரும்பத் திரும்பப் போய்ப் படிக்கும் இடம் இதுதான். முதல் பால் கிடைக்கும்வரை ஒரு பிஞ்சு இதயம் தன்னைத் தின்று துடிக்கிறது.

வளர்ந்த எலியின் இதயத்தில் மட்டும் ஏடிஜி5-ஐ நீக்கியபோது, இதயம் விரிந்து, தளர்ந்து, செயலிழந்தது. இது 2007-ல். அதே ஆண்டு டல்லஸில் ஜோசஃப் ஹில்லின் குழு நேர்மாறான ஒன்றைக் கண்டது. எலியின் பெருந்தமனியை நெரித்து இதயத்தின் சுமையைக் கூட்டினார்கள். நமக்கு இரத்த அழுத்தம் ஏறினால் இதயம் படும் பாடு அது. தன்னுண்ணல் கூடியது, கூடவே இதயம் கெட்டது. தன்னுண்ணலைத் தொடங்கிவைக்கும் பெக்லின்-1 என்ற புரதத்தைப் பாதியாகக் குறைத்தபோது கேடு குறைந்தது. கூட்டியபோது கேடும் கூடியது.

இல்லாவிட்டாலும் கெடுகிறது, மிஞ்சினாலும் கெடுகிறது. இந்த இடத்தில் “அளவோடு இருந்தால் சரி” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். நகர்ந்தால் நுணுக்கம் கைதவறிப் போகும். ஜெர்மனியில் பாத் நௌஹைம் ஆய்வாளர்கள் 2003-ல், மாற்று அறுவைசிகிச்சையில் வெளியே எடுத்த மனித இதயங்களைச் சீவிப் பார்த்தபோது, சாகும் செல்களுக்குள் அடைத்துக்கொண்டு நிற்கும் பைகளைக் கண்டார்கள். ஆனால் சாவு நடந்த இடத்தில் நின்றதாலேயே ஒருவரைக் கொலைகாரர் என்று சொல்லிவிட முடியாது. காப்பாற்ற ஓடிவந்தவராகவும் இருக்கலாம். பைகள் நிறைந்திருப்பது தின்னும் வேலை அதிகமாக நடப்பதாலா, தின்றது செரிக்காமல் தங்கிவிட்டதாலா? சீவிய துண்டைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் வழக்காடியது இதைப் பற்றித்தான்.

செரிக்காமல் தங்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி டேனன் நோய். பையும் லைசோசோமும் சேர்ந்து காலியாவதற்கு லாம்ப்-2 என்ற புரதம் வேண்டும். அது இல்லாமல் பிறந்த ஆண் பிள்ளைகளுக்கு இதயச்சுவர் தடித்து, இள வயதிலேயே இதயம் தளர்ந்துவிடுகிறது. அவர்களின் தசையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், பாதி கரைந்தும் கரையாமலும் இருக்கும் சரக்கோடு பைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அரிதான நோய்தான். ஆனால் மாரடைப்பைப் புரிந்துகொள்ள அது உதவுகிறது.

மாரடைப்புக்கு வருவோம். இதயத் தமனி அடைத்துக்கொண்டால் அதன் கீழுள்ள தசைக்குப் பிராணவாயுவும் இல்லை, உணவும் இல்லை. செல்லின் எரிபொருள் இருப்பு இறங்குகிறது. இறங்குவதை உணரும் ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொண்டு தன்னுண்ணலை முடுக்கிவிடுகிறது. செல் தன் சேமிப்பை உடைத்து உயிர் பிடித்து நிற்கிறது. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் சுமார் 100 கிலோமீட்டர். நெஞ்சுவலியோடு ஒருவர் 108 வண்டியில் படுத்து வரும் நேரமெல்லாம், அடைப்புக்குக் கீழே இருக்கும் அவருடைய தசை செல்கள் இப்படித் தம்மைத் தின்றுதான் தாக்குப்பிடிக்கின்றன. நியூ ஜெர்சியில் ஜுனிச்சி சடோஷிமாவின் குழு 2007-ல் இதை எலிகளில் காட்டியது. அந்த முடுக்கத்தைத் தடுத்த எலிகளில் சேதம் அதிகமாயிற்று.

பிறகு அடைப்பு திறக்கிறது. இரத்தம் திரும்புகிறது. திறக்காவிட்டால் அந்தத் தசை பிழைக்க வழியே இல்லை. ஆகவே திறப்பதில் இரண்டாம் பேச்சு கிடையாது. ஆனால் திறந்த பின்னும் செல்களில் ஒரு பகுதி சாகிறது. அதே குழு பார்த்தது: இரத்தம் வந்த பிறகு தன்னுண்ணல் அடங்குவதற்குப் பதில் மேலும் ஏறுகிறது. இப்போது ஏற்றிவிடுவது ஏஎம்பிகே இல்லை, பெக்லின்-1. பெக்லின்-1 பாதியாக உள்ள எலிகளுக்கு இந்தக் கட்டத்தில் சேதம் குறைவு. ஒரே வேலைதான். அடைப்பின்போது ஒரு கை தொடங்கிவைத்தால் காக்கிறது. அடைப்பு திறந்த பின் வேறொரு கை தொடங்கிவைத்தால் கொல்கிறது.

ஏன் கொல்கிறது என்பதற்கு 13 ஆண்டுகள் கழித்து, 2020-ல், சடோஷிமா குழுவிடமிருந்தே விடை வந்தது. ருபிகான் என்று ஒரு புரதம். பை லைசோசோமோடு சேர்ந்து முதிர்வதை இழுத்துப் பிடித்து நிறுத்துவது அதன் இயல்பு. இரத்தம் திரும்பிய சில மணி நேரத்தில் இதயச் செல்லில் ருபிகான் கூடுகிறது. முன்பக்கம் பெக்லின்-1 தொன்னைகளை மளமளவென்று மடித்துக்கொண்டே இருக்கிறது. பின்பக்கம் ருபிகான் அவற்றைக் காலியாக விடாமல் பிடித்துக்கொள்கிறது. வாய் மூடிய பைகள் செல்லெங்கும் தேங்குகின்றன. ஓசுமியின் ஈஸ்ட்டில் நொதி இல்லாததால் வந்த தேக்கம், டேனன் நோயில் லாம்ப்-2 இல்லாததால் வந்த தேக்கம், இங்கே ருபிகான் கூடியதால் வருகிறது. எலிகளின் இதயத்தில் ருபிகானைக் குறைத்தபோது தேக்கம் தணிந்தது, சாவும் குறைந்தது. தன்னுண்ணல் நிற்கவில்லை என்பதுதான் இதில் அழகு. அது பாட்டுக்கு ஓடியது, இன்னும் தடையில்லாமல் ஓடியது. செல்லைக் கொன்றது தின்றது அல்ல; தின்னத் தொடங்கி முடிக்க முடியாமல் போனது.

இந்தச் சாவின் தோற்றம் வேறெந்தச் சாவிலும் இல்லாதது. முதலில் சொன்ன, லெவின் குழு கண்ட புது வகைச் சாவு இதுதான்; அவர் இதற்கு ஆட்டோசிஸ் என்று பெயர் வைத்தார். வழக்கமாகச் செல் ஒழுங்காகச் சாகும்போது சுருங்கி, உட்கரு துண்டுபட்டு, ஒட்டியிருந்த தளத்திலிருந்து கழன்றுவிடும். ஆட்டோசிஸில் சாகும் செல் முன்னைவிட இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. பைகள் எங்கும் நிறைந்திருக்க, பை செய்யச் சவ்வு கொடுத்துவந்த அந்தச் சவ்வுப் பின்னல் முதலில் உப்பி, பின் துண்டு துண்டாகிக் காணாமல் போகிறது. அடுத்து உட்கருவின் உறை. அதற்கும் இரண்டு சவ்வு. நடுவே மயிரிழையிலும் நுண்ணிய இடைவெளி. ஓரிடத்தில், சில சமயம் ஒரே ஓரிடத்தில், வெளிச்சவ்வு மட்டும் உட்சவ்வை விட்டு விலகிக் குமிழாக உப்புகிறது. உப்பிய இடத்தில் உட்கரு உள்வாங்கிப் பள்ளமாகிறது. அதற்குப் பிறகு செல் மீள்வதில்லை. மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் அந்தக் குமிழை ஒருமுறை பார்த்தவர் பிறகு எங்கும் அடையாளம் கண்டுகொள்வார். அவ்வளவு தெளிவான கையெழுத்து.

இனி அரளிக்குத் திரும்பலாம். நம் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் ஒரு பம்பு இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். டேனிஷ் அறிஞர் ஜென்ஸ் ஸ்கௌ 1957-ல் கண்டது. டிஜாக்சினும் அரளியின் நெரிஃபோலினும் இந்தப் பம்பைத்தான் பிடிக்கின்றன. கொஞ்சமாகப் பிடித்தால் செல்லுக்குள் கால்சியம் சற்று ஏறி, தளர்ந்த இதயம் அழுத்தமாகத் துடிக்கும். 1785-ல் இங்கிலாந்தின் வில்லியம் விதரிங் ஃபாக்ஸ்குளோவ் செடியின் இலையை வைத்து நோயாளிகளைத் தேற்றியது இதனால்தான். மிஞ்சினால் துடிப்பின் ஒழுங்கே குலைந்து இதயம் நின்றுபோகும். ஆட்டோசிஸுக்கும் இந்தப் பம்பு வேண்டியிருக்கிறது. பம்பின் முக்கியப் பகுதியைக் குறைத்துவிட்டால் அந்த வகைச் சாவு நிகழ்வதில்லை. பெக்லின்-1 நேராகவே பம்போடு கைகோக்கிறது, பட்டினியிலும் உடற்பயிற்சியிலும் இரத்தம் தடைப்படும்போதும் அந்தப் பிடி கூடுகிறது என்று 2020-ல் லெவின் குழு வெளியிட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதம் லெவின் காலமானார்.

ஆக, இதயத்தை நிறுத்தும் நஞ்சும் இதயச் செல்லின் ஒரு வகைச் சாவை நிறுத்தக்கூடிய பொருளும் ஒரே விதைக்குள் இருக்கின்றன. பிடிக்கும் இடமும் ஒன்றே. இதைப் படித்துவிட்டு யாரும் அரளியை மருந்தாக நினைத்துவிடக் கூடாது. அதில் நன்மைக்கும் சாவுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளிகூட இல்லை. எலிக்குட்டிக்கு ஆய்வகத்தில் அளந்து கொடுத்தது வேறு.

தமிழ்நாட்டில் 2023-ல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, நெஞ்சுவலியோடு வருபவருக்குக் கிராமத்துச் சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது, ஸ்டென்ட் இருக்கிறது. அடைப்பு திறக்கும்வரைக்குமான வழிகள் இவை. திறந்தபின் வரும் சில மணி நேரத்தில் பைகள் தேங்குவதைத் தடுக்கும் மருந்து இன்னும் எந்த மருத்துவமனையின் அலமாரிக்கும் வரவில்லை. வரும் மருந்து தன்னுண்ணலை அடியோடு நிறுத்துவதாக இருந்தால் பயனில்லை. ஏடிஜி5 இழந்த எலிகளின் இதயம் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டோம். தொன்னை மடிவதையும் வாய் மூடுவதையும் தொடாமல், மூடிய பை காலியாவதற்குக் குறுக்கே நிற்கும் ருபிகானை மட்டும், அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும், அது விலக்கிவைக்க வேண்டும்.